அத்தையின் வாய்

சிவப்பு நிறத்தில் சின்னச் சின்ன அம்புகள். மெழுகுத் தாள் சுருளில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டைகளைச் சோதிக்கும் மேசைக்கு அந்தச் சுருள்தான் ஆயுதம். தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை பட்ட இடம், காலர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிய இடம், எதுவானாலும் அம்பின் மூக்கு அந்தக் குறையைத் தொடும்படி ஒட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுக்க வேண்டும். என் அத்தை, அப்பாவின் தங்கை, அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்படியொரு கம்பெனியில் அம்பு ஒட்டியே தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவள் முழங்கையிலோ முந்தானையிலோ ஓரிரு அம்புகள் தப்பி வந்திருக்கும். அவற்றையும் அவள் வீணாக்க மாட்டாள். பட்டன் அறுந்த என் சட்டையில் ஒன்று ஏறும், ஒட்டடை தொங்கும் மூலையில் ஒன்று ஏறும். ஒருமுறை அப்பாவின் தொப்பையில் ஒட்டிவிட்டாள். அவர் அதைக் கவனிக்காமல் ஞாயிறு பூசைக்குப் போய், சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

அத்தைக்கு வாய் நீளம் என்பது எங்கள் தெருவில் அனைவரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட விஷயம். எங்களுக்குப் பக்கத்து போர்ஷனில் அத்தையோடு இருந்த மாமா வாயே திறக்காத மனிதர். அந்த வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட பேச்சு முழுவதையும் அத்தையே எடுத்துக்கொண்டாள் என்று அம்மா சொல்வாள். "அவ வாய்ல வசம்ப வச்சுத் தேய்க்க" என்று அத்தையைத் திட்டாத பெண்கள் தெருவில் குறைவு. தண்ணீர் லாரி வராமல் போனால், ரேஷன் கடையில் எடை குறைந்தால், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை வெளியே நிறுத்தினால், அதே பெண்கள் எங்கள் வாசலுக்கு வருவார்கள். "நீ வந்து கேட்டாதான்க்கா நடக்கும்." அத்தை கொண்டையை முடிந்துகொண்டு கிளம்புவாள். இவர்கள் நாலடி பின்னால் வருவார்கள். சண்டை முற்றினால் அந்த நாலடி எட்டடி ஆகும். அத்தையின் வாய் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும்போது மட்டும், "அக்கா வரணும், ஆனா வந்த எடத்துல ஒண்ணும் பேசப்படாது" என்று ஒரு நிபந்தனையும் சேர்ந்து வரும்.

அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. எதைச் சொன்னாலும் ஆளின் முகத்துக்கு நேரே சொல்வாள், முதுகுக்குப் பின்னால் சொல்ல மாட்டாள். சொல்லி முடித்துவிட்டால் அதோடு சரி, மறுநாள் அதே ஆளிடம் ஒன்றுமே நடக்காததுபோல் உப்பு கேட்டுப் போய் நிற்பாள். எங்கள் கோயில் பங்கில் தெருவுக்குத் தெரு அன்பியம் உண்டு. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லி, பைபிள் வாசித்து, டீ குடித்துக் கலைவார்கள். எங்கள் அன்பியப் பொறுப்பாளர் ஜெபத்தைத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவர். ஒருநாள் அவர் உலக நாடுகளின் தலைவர்களுக்காக மன்றாடத் தொடங்கியபோது அத்தை கண்ணைத் திறந்தாள்.

"அண்ணாத்தே, ஆண்டவருக்கு எல்லாம் தெரியும். நீ சொன்னதையே சொல்லிக்கினு கீறியே, அவுருக்கு இன்னா காதா கேக்கல? புள்ளைங்க பசியில கீதுங்க. ஆமென் சொல்லு."

பொறுப்பாளர் ஆமென் சொன்னார். கொஞ்ச காலம் அத்தையோடு பேசவில்லை, எதிரில் வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போனார். பிறகு அவர் மனைவி அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் படுத்தபோது, அத்தை தினமும் ரசமும் சாதமும் எடுத்துக்கொண்டு போனாள். அவர் பழையபடி பேச ஆரம்பித்தார். ஜெபமும் அளவாக முடிய ஆரம்பித்தது. அவள் பேசியதற்காகக் கோபித்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் திரும்பி வந்தார்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்களுக்கு எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும்? சிலர் திரும்பி வராமலும் போனதுண்டு. அத்தை அவர்களுக்காக வருந்தியதாக எனக்கு நினைவில்லை.

கம்பெனியில் சோதனை மேசையில் அத்தைக்குப் பக்கத்து இடம் பெரியக்காவுடையது. மேசையிலேயே மூத்தவர் என்பதால் அந்தப் பெயர். நாங்களும் அப்படியே அழைத்தோம். அத்தைக்கு அவர் நேரெதிர். பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். புருஷன் இல்லாமல் ஒரே மகனை வளர்த்தவர். வெள்ளிக்கிழமை மாங்காட்டம்மன் குங்குமம் வைக்காமல் வேலைக்கு வர மாட்டார். அத்தையின் கழுத்தில் ஜெபமாலை. மதியச் சாப்பாட்டை இருவரும் ஒரே டப்பாச் சோறுபோல் கலந்துதான் சாப்பிட்டார்கள். தெருவில் யாரும் அத்தையைத் திருத்த முயன்றதில்லை. பெரியக்கா மட்டும் சில சமயம், "இன்னிக்கு ஒரு வார்த்த அதிகம்" என்பார். அத்தை அதைக் கேட்டுக்கொள்வாள். என் வாழ்க்கையில் அத்தையை வாய்மூடி உட்கார வைத்த ஒரே மனிதர் அவர்தான்.

பெரியக்காவின் மகன் படித்து, வேறு ஊர்களில் வேலை பார்த்துவிட்டு, அதே கம்பெனிக்கு மேனேஜராக வந்து சேர்ந்தார். அதற்குள் பெரியக்கா வேலையை விட்டுவிட்டு மகனோடு மாங்காட்டில் குடியேறியிருந்தார். தையல் தளத்தில் எல்லோரும் மகனை சார் என்றார்கள், அத்தை தம்பி என்றாள். அவரும் அதைத் தடுக்கவில்லை. காற்றாடி ஓடவில்லை என்றாலும், கேன்டீன் சாம்பார் தண்ணீராக இருந்தாலும், அத்தை அவரிடம் எல்லோர் முன்னாலும் கேட்பாள். அவர் முகம் சுளித்துக்கொண்டு அறைக்குள் போவார். இரண்டொரு நாளில் கேட்டதில் பாதி நடந்துவிடும். பாதி போதும் என்பது அத்தையின் கணக்கு. முழுதும் கொடுத்தால் தம்பியால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

பெரிய ஷிப்மெண்ட் ஒன்று நெருக்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான் டோக்கன் திரும்ப வந்தது. அது ஒரு பழைய வழக்கம். சூப்பர்வைசர் மேசைக்கு மேலே ஆணியில் ஒரு பிளாஸ்டிக் வில்லை தொங்கும். பாத்ரூம் போகிறவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும், அவள் திரும்பி வந்து மாட்டும்வரை அடுத்தவள் நகரக் கூடாது. நடுவில் யாரோ ஒரு நல்ல அதிகாரி அதை ஒழித்திருந்தார். மேலிடத்து நெருக்கடியில் மேனேஜர் அதை மறுபடி மாட்டினார். பெண்கள் பழையபடி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். அத்தை கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் டீ இடைவேளையில் அவர் தளத்துக்கு வந்தபோது பொறுமை போய்விட்டது.

"இன்னா தம்பி, இஸ்கோலா நடத்திக்கினு கீற? இதே மேசையில உங்கம்மா நின்னாங்க. இதே ஆணியில இதே டோக்கன் தொங்கிச்சு. எடுத்துக்கினு போனவ திரும்பி வரதுக்குள்ள, பாவம், அவுங்களுக்கு நின்ன எடத்துலயே போயிடுச்சு. சூப்பர்வைசர் கண்ணுல படக் கூடாதுன்னு நாங்கெல்லாம் ஆளுக்கொரு சட்டைய விரிச்சுப் புடிச்சிக்கினு சுத்தி நின்னோம். அன்னிக்கு அவுங்க அழுத அழுவை உனுக்குத் தெரியுமா? அந்த வயித்துல பொறந்துட்டு நீயே கொண்டாந்து மாட்டிக்கீறியே!"

மேனேஜர் ஆணியிலிருந்து டோக்கனைக் கழற்றி பேன்ட் பையில் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். பெண்கள் மேசைக்குத் திரும்பினார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது அத்தை அவர் அறைக் கதவைத் தட்டி, "கோவமா தம்பி?" என்று கேட்டாளாம். "இல்ல சின்னம்மா, எனுக்குத் தெரியாது, அம்மா சொன்னதேயில்ல" என்றாராம். கம்பெனிக்குள் அவர் அத்தையை சின்னம்மா என்று அழைத்தது அதுவே முதல் தடவை. டோக்கன் அதற்குப் பிறகு ஆணிக்குத் திரும்பவில்லை. தளத்தைப் பொறுத்தவரை விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. அத்தையின் வழக்கமான வெற்றிகளைவிடப் பெரிய வெற்றி, அவ்வளவுதான்.

ஆனால் மதுரைப் பக்கமிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பெண், அத்தை பேசியதை ஃபோனில் எடுத்திருந்தாள். அத்தைமீது அவளுக்கு அவ்வளவு பிரியம். ஊருக்கெல்லாம் காட்ட வேண்டும் என்று இணையத்தில் போட்டாள். மறுநாள் மதியத்துக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. அம்பத்தூரில் என் ஐ.டி. ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரர், "செம அம்மா, பாருங்க" என்று தன் ஃபோனை நீட்டியபோதுதான் நான் பார்த்தேன். அத்தை எதையும் மறைக்கத் தெரியாதவள் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். பெரியக்காவின் இந்தக் கதையை அவள் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் ஊரோடு சேர்ந்து வீடியோவில்தான் கேட்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அரை நாள் அத்தைக்கு அது பிடித்துத்தான் இருந்தது. முகம் தெரியாதவர்கள் அவளை வீரத்தாய் என்றார்கள். தீப்பொறி என்றார்கள், கையெடுத்துக் கும்பிடும் பொம்மைகளைப் போட்டார்கள். வசம்பு வைத்துத் தேய்க்க வேண்டிய வாய்க்கு ஒரே நாளில் இத்தனை மாலை. "ரெண்டு ஊடு தள்ளி கீறவன் என்னைப் பாத்தா ஓடுறான். அமெரிக்காலேந்து ஒருத்தன் அம்மான்றான். இன்னா ஒலகம்டா நைனா இது" என்று சிரித்தாள். அன்று சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போய் அவளுக்குக் கமெண்டுகளைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். கீழே போகப் போகப் பேச்சு அத்தையை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பியது. மேனேஜர் யார், எந்த ஊர் என்று தோண்டினார்கள். பிறகு அவருடைய அம்மாவிடம் போனார்கள். "அந்தம்மாவுக்கு யாராச்சும் டயாப்பர் வாங்கிக் குடுங்கப்பா" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக நின்றன. நான் படிப்பதை நிறுத்தினேன். அத்தை நிறுத்தச் சொல்லவில்லை. "சேசுவே" என்று மட்டும் சொன்னாள்.

உடனே பெரியக்காவுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படியே. மேனேஜர் லீவில் போய்விட்டதாகக் கம்பெனியில் சொன்னார்கள். மேலிடத்திலிருந்து யாரோ வந்து, இனி தளத்துக்குள் ஃபோன் கூடாது என்று அறிவித்துவிட்டுப் போனார். அத்தையை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஊரே பார்த்த ஆளை நிறுத்தினால் அதையும் ஊர் பார்க்கும் என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் மேசையில் அவள் வாயைத் திறந்தாலே பக்கத்துப் பெண்கள், "அக்கா, வேணாங்க்கா, எவளாவது புடிச்சுடப் போறா" என்றார்கள். மதுரைப் பெண் வீடியோவை இணையத்திலிருந்து நீக்கிவிட்டாள். ஆனால் பிரதிகள் வேறு வேறு பாட்டோடு சுற்றிக்கொண்டிருந்தன. "எனக்கு அம்புட்டுப் பெருமையா இருந்துச்சுக்கா, அதான் போட்டேன்" என்று அழுதாளாம். அத்தை அவளைத் திட்டவில்லை. "நீ இன்னா பண்ணுவ, பேசினது என் வாயி" என்று அவளுக்குத் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அத்தை ஐயப்பன்தாங்கலில் இருக்கும் என் ஃபிளாட்டுக்கு வந்தாள். எங்கள் அடுக்ககத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பல ஊர்களிலிருந்து வேலைக்காக வந்து சேர்ந்த குடும்பங்கள். லிஃப்டில் எல்லோரும் புன்னகையாகவே இருப்பார்கள். "சாப்டீங்களா" என்பதைத் தாண்டி நேரில் ஒரு வார்த்தை பிசகாது. வாட்ஸ்அப் குழுவில் அதே ஆட்கள் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். அதில் மூன்றாம் மாடிக்காரர் பெரிய வீரர். பராமரிப்புக் கமிட்டியை அவர் தாக்கி எழுதாத வாரம் கிடையாது. கமிட்டித் தலைவரை வாசலில் பார்த்தாலோ குழைந்துபோய்க் குழந்தைகளின் படிப்பை விசாரிப்பார். அத்தையின் வீடியோவை எங்கள் குழுவில் போட்டவரும் அவர்தான். இப்படி நேருக்கு நேர் கேட்கும் துணிச்சல் நாலு பேருக்கு இருந்தால் நாடு உருப்படும் என்று எழுதியிருந்தார். நான் ஒன்றும் எழுதவில்லை.

அன்று அத்தை உள்ளே வந்தபோது மூன்றாம் மாடிக்காரர் தன் காரை, சக்கர நாற்காலிக்காக வைத்த சாய்தளத்தின் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். அத்தை அவ்வளவு துக்கத்திலும் கடமையை மறக்கவில்லை. "சார், வயசானவங்க ஏறுற வழி இது. உன் காருக்கு முட்டி வலியா? தள்ளி நிறுத்துப்பா" என்றாள். அவர் தள்ளி நிறுத்தினார். ஆனால் அத்தை மேலே வந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் என் ஃபோனுக்குத் தனிச் செய்தி வந்துவிட்டது. உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பொது இடத்தில் பேசும் மரியாதை தெரியவில்லை, கொஞ்சம் சொல்லி வையுங்கள் என்று கண்ணியமாக எழுதியிருந்தார். வீடியோவில் பார்த்துப் பாராட்டிய முகம்தான், அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தையிடம் காட்டினேன், சிரிப்பாள் என்று நினைத்தேன். "இவன் பரவால்ல, காரைத் தள்ளிட்டானே" என்றாள். எனக்கும் யோசித்துப் பார்த்தபோது அது சரியாகத்தான் பட்டது.

அவள் வந்த காரியம் வேறு. பெரியக்காவைக் கேலி செய்து எழுதியவர்களுக்கெல்லாம் தான் பதில் சொல்ல வேண்டும் என்றாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "தம்பி, அவுங்க என் அக்கா மாதிரி. அப்பிடிப் பேசாதே. உனுக்கும் அம்மா கீறாங்க இல்ல?" அவ்வளவு மரியாதையாக அத்தை யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. டயாப்பர் என்று எழுதியவர் அதற்கும் ஒரு சிரிக்கும் முகம் போட்டார். பின்னாலேயே இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். அத்தை வெகுநேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயருக்குப் பக்கத்தில் பூப்படம்தான் இருந்தது, முகம் இல்லை.

"இவன் ஊடு எங்க கீது?" என்றாள்.

"தெரியாது அத்தே."

"தெரிஞ்சா சொல்லு. சண்டை போடலடா. நேர்ல போயி சொல்லிட்டு வந்துடறேன். மூஞ்சியப் பாத்துச் சொன்னா கேப்பான்."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. கதவைத் தட்டினால் திறக்கும், திறந்தால் முகம் இருக்கும், முகம் இருந்தால் பேசலாம் என்பதுதான் அவள் அறிந்த உலகம். அப்படி ஒரு வீடே இல்லாத ஆட்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. எங்கள் தெருவில் ஒருவரைப் பேசிவிட்டால் மறுநாள் காலை அவரைப் பார்த்தாக வேண்டும். இங்கே எழுதுகிறவர்களுக்கு அந்த மறுநாள் காலை வருவதேயில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, போன வாரம் பாவசங்கீர்த்தனம் செய்ததாகச் சொன்னாள். "சாமியார்கிட்ட எல்லாம் சொன்னேன். ஆண்டவர் மன்னிச்சிட்டாரு, போய்ட்டு வாம்மான்னாரு. ஆண்டவர் மன்னிப்பாரு, அவுருக்கு இன்னா போச்சு? மானம் போனது அக்காவோடது." பிறகு சொன்னாள், "அக்கா புள்ளைக்குத் தெரியட்டும்னுதான்டா சொன்னேன். ஊருக்கு சொல்லல." அப்போது அவள் அழுதாள். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

மாங்காட்டில் கோயிலைத் தாண்டி, புதிய வீடுகள் முளைத்துக்கொண்டிருக்கும் ஒரு தெருவில் பெரியக்காவின் வீடு. வழியெல்லாம் அத்தை பின்னால் உட்கார்ந்து வாய்க்குள் எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். இரும்புக் கேட்டைத் திறந்தபோதே பெரியக்கா ஜன்னல் வழியே எங்களைப் பார்த்துவிட்டார். கதவு திறக்குமா என்பது எனக்குச் சந்தேகமாக இருந்தது. திறந்தது. "வா" என்றார். மகனும் மருமகளும் வெளியே போயிருந்தார்கள். அவர் முன்பைவிட மெலிந்திருந்தார். வெளியே போவதை விட்டுவிட்டார் என்பது வாசலில் செருப்பு தூசி படிந்து கிடந்ததிலிருந்தே தெரிந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர்.

டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டார். அத்தை ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று எழுந்து பெரியக்காவின் காலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, திட்டுக்கா. செருப்பால வேணா அடி. இப்பிடி டீ குடுத்துக்கினு சும்மா மட்டும் இருக்காதே."

பெரியக்கா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். சரியாகச் சொன்னால் என் சட்டைப் பையைப் பார்த்தார். அதில் என் ஃபோன் பாதி வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அது எந்நேரமும் அங்கேதான் இருக்கும். எனக்கு அது இருப்பதே நினைவில்லை.

"இது ஊட்டுக்குள்ள இருந்தா நான் ஒண்ணும் பேச மாட்டேன்" என்றார். எப்போதும்போல் பாதிதான் கேட்டது. "அத எடுத்துக்கினு வெளிய போவச் சொல்லு."

அணைத்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை தலையைத் திருப்பி, "போடா" என்றாள். நான் கேட்டுக்கு வெளியே வந்து ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றேன். பெரியக்கா எழுந்து வந்து கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். எதிரே கட்டிக்கொண்டிருந்த வீட்டில் கொத்தனார்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார்கள். அதையும் மீறி உள்ளேயிருந்து ஒரு குரல் எழும்பி வந்தது. முதலில் யாரென்று எனக்குப் புரியவில்லை. அத்தையின் குரலை எந்தச் சந்தடியிலும் என்னால் பிரித்தெடுக்க முடியும், இது அதுவல்ல. பெரியக்கா கத்திக்கொண்டிருந்தார். வார்த்தைகள் புரியவில்லை. நெடுநேரம் அந்த ஒரு குரல் மட்டுமே கேட்டது. அத்தையிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு அந்தக் குரல் தணிந்தது, யாரோ அழுவதுபோல் இருந்தது, இருவரில் யாரென்று சொல்ல முடியாது. அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

கதவு திறந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அத்தையின் கண்கள் வீங்கியிருந்தன. பெரியக்கா வாசல்வரை வந்தார். என்னிடம், "பாத்து ஓட்டிக்கினு போ" என்றார். திரும்பி வரும் வழியில் அத்தை வாயைத் திறக்கவே இல்லை. பின்னால் அவள் இருக்கிறாளா என்று இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. அத்தை வேலையிலிருந்து நின்றுவிட்டாள். அந்த வீடியோ இப்போதும் எப்போதாவது, மகளிர் தினத்தை ஒட்டி, புதிதாக ஒரு பாட்டோடு எழுந்து வரும். மூன்றாம் மாடிக்காரரும் மறக்காமல் எங்கள் குழுவில் போடுவார். லட்சக்கணக்கானவர்களுக்கு அத்தை என்றால் அந்த ஒரு பேச்சுதான், அதில் ஒரு எழுத்து விடாமல் அவர்களுக்குத் தெரியும். அன்று மாங்காட்டில் கதவு சாத்திய பிறகு நடந்தது மட்டும் யாருக்கும் தெரியாது. அன்றே, அத்தையை வழியனுப்ப ஐயப்பன்தாங்கல் டெப்போவில் அம்பத்தூர் பஸ்ஸுக்காக நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னா அத்தே சொன்னாங்க?" என்று கேட்டேன்.

யாரிடமும் எதையும் முகத்துக்கு நேரே போட்டு உடைத்தவள் அவள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். பஸ் வந்து நின்றது, படியில் கால் வைத்தாள்.

"அது எனுக்கும் அக்காவுக்கும் நடுவுல கீது நைனா. நீ ஊட்டுக்குப் போ."